கோலி சோடா பாட்டில்: எடைக்குப் போடுமுன் பெயரைப் பாருங்கள்

கடைக்கு வெள்ளையடிக்கும்போதோ, கிட்டங்கியை ஒழிக்கும்போதோ பரண் மேலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கும். உள்ளே தூசி படிந்த கோலி சோடா பாட்டில்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடுவது நம்மில் பலரின் வழக்கம். இடம் காலியானால் போதும் என்று நினைக்கிறோம்.

இந்தப் பாட்டில்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்கள் இங்கிலாந்திலும் உண்டு, நம் நாட்டிலும் உண்டு. அவர்கள் எதைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்பதை வணிகர்களாகிய நாம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. விற்பவரும் ஏமாறலாம், வாங்குபவரும் ஏமாறலாம். அப்படிப்பட்ட சரக்கு இது.

பாட்டில் வந்த வழி

சோடாவுக்குத் தக்கை மூடி போட்ட காலத்தில் தொல்லை அதிகம். தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு போய்விடும். அதனால் பாட்டிலைப் படுக்க வைத்தே பாதுகாக்க வேண்டியிருந்தது. இதற்கு வழி கண்டவர் லண்டன் கேம்பர்வெல்லைச் சேர்ந்த ஹைரம் காட் என்பவர். 1872-ஆம் ஆண்டு தம் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார்.

இதன் அமைப்பு எளிமையானது. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாய்க்குள் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். கோலி வாய்ப்பக்கம் விழும். நிமிர்த்திய பிறகும் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குடிக்கும்போது கோலி உருண்டு வாயை அடைக்காமல் இருக்கத்தான் கழுத்தில் அந்த இரண்டு பள்ளங்கள்.

1892-இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அந்த மூடி பரவப் பரவ, இங்கிலாந்தில் கோலி பாட்டில் மெல்ல மறைந்தது. ஜப்பானில் 'ராமுனே' என்ற பானத்துக்கும், நம் நாட்டில் கோலி சோடாவுக்கும் அது நிலைத்துவிட்டது. 2025 மார்ச் மாதம் மத்திய வர்த்தக அமைச்சகமே கோலி சோடா ஏற்றுமதியைப் பற்றி அறிக்கை வெளியிட்டது குறிப்பிடத்தக்கது.

பெயர் பொறித்தது ஏன்?

பழைய பாட்டில்களில் கம்பெனியின் பெயர், ஊர், சில சமயம் ஒரு சின்னம் ஆகியவை கண்ணாடியிலேயே புடைத்திருக்கும். அழகுக்காகச் செய்ததல்ல அது. பாட்டில் சோடா கம்பெனியின் சொத்து. தண்ணீருக்கு மட்டுமே விலை. காலி பாட்டில் திரும்பி வந்தால்தான் தொழில் நடக்கும். அது வராமல் போவதும், வேறொரு கம்பெனி அதில் தன் சோடாவை நிரப்பி விற்பதும் அன்றைக்கே இருந்த தகராறுகள். காலி கிரேடு கணக்கிலும் டெபாசிட் பணத்திலும் நாம் படும் பாடு அந்தக் கடைக்காரர்களுக்கும் இருந்திருக்கிறது.

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி நகரில் கண்ணாடித் தொழிற்சாலை நடத்திய டான் ரைலண்ட்ஸ், பாட்டிலின் வாய்ப்பகுதியை மட்டும் வேறு நிறத்தில் செய்து கொடுத்தார். குவியலுக்குள் கிடந்தாலும் யாருடைய பாட்டில் என்று தூரத்திலிருந்தே தெரியும் என்பதற்காக. அன்று திருட்டைத் தடுக்க வைத்த அடையாளங்களே இன்று அந்தப் பாட்டிலுக்கு விலையைத் தருகின்றன.

சேகரிப்பவர் பார்ப்பது என்ன?

முதலில் பெயர். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று தெளிவாகப் படிக்க முடிய வேண்டும். சிறிய ஊரில் கொஞ்ச காலமே நடந்த கம்பெனியின் பாட்டிலுக்கு அந்த ஊர்க்காரர்களிடம் தனி மதிப்பு. பெயரே இல்லாத மொட்டைப் பாட்டில் எவ்வளவு பழையதாக இருந்தாலும் கேட்பார் குறைவு.

அடுத்தது நிறம். வெளிர் பச்சை கலந்த நீல நிறம் சாதாரணம். இங்கிலாந்துப் பாட்டில்களில் கருநீலமும் தேன் நிறமும் அரிது.

மூன்றாவது நிலைமை. வாய் உடைந்திருந்தாலோ, கீறல் ஓடியிருந்தாலோ, மண்ணில் கிடந்து கண்ணாடி மங்கியிருந்தாலோ மதிப்பு இறங்கிவிடும். கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்ததுபோக மிஞ்சியவைதான் இன்று கிடைக்கின்றன. இங்கிலாந்தில் பழைய குப்பை மேடுகளைத் தோண்டி எடுத்தவையே ஏராளம்.

ஏமாறும் இடங்கள்

கருநீலப் பாட்டில் என்று யாராவது அதிக விலை சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்யப்பட்ட நீலப் பாட்டில்களும் சந்தையில் உண்டு. சிலவகைப் பழைய வெள்ளைக் கண்ணாடியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி ஊதா நிறமாக்குவதும் நடக்கிறது. அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். பெட்டியில் பல ஆண்டுகள் உராய்ந்த தேய்மானம் பல திசையிலும் ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கோடுகள் ஒரே திசையில் இருக்கும்.

நம் நாட்டில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இந்தப் பாட்டில்களை அண்மைக் காலம்வரை செய்துவந்திருக்கிறார்கள். ஆகவே காற்றுக் குமிழியும் ஏற்ற இறக்கமும் இருப்பதால் மட்டும் பாட்டில் பழையதாகிவிடாது. இங்கேயும் பெயர்தான் சாட்சி. அந்தக் கம்பெனியின் பெயர் நம் கடையின் பழைய பேரேட்டிலோ, பில் கட்டிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாட்டிலின் காலம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972-க்கு முந்தியதல்ல. 'மெட்ராஸ்' என்ற பெயர் சென்னை என்று மாறியது 1996-இல்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள பொருள் 100 ஆண்டுகளைக் கடந்திருந்தால் அது தொல்பொருளாகக் கருதப்படலாம். அத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. அவற்றை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் நல்ல விலை சொன்னார் என்று பார்சல் கட்டிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்று பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பழைய பெட்டி கிடைத்தால் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மறுபடி குடிப்பதற்குப் பயன்படுத்த வேண்டாம். எங்கே கிடைத்தது, யார் காலத்துச் சரக்கு என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். வாங்க வருபவருக்கு அந்தச் சீட்டே பாதி நம்பிக்கை.

பொறித்திருக்கும் கம்பெனி இன்றும் நடக்கிறது என்றால், அல்லது அந்தக் குடும்பத்தார் ஊரில் இருக்கிறார்கள் என்றால், வெளியாருக்கு விற்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பாட்டில் ஒரு காலத்தில் நம்மை நம்பிக் கடனாகக் கொடுத்தது. திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே அதில் பெயரைப் பொறித்தார்கள். தாத்தா நடத்திய சோடா கம்பெனிக்கு ஒரு போட்டோகூட இல்லாத வீட்டில் அந்த ஒரு பாட்டில்தான் சாட்சியாக நிற்கும். எடைக்குப் போட்டால் அந்தப் பெயரும் கண்ணாடித் தூளோடு சேர்ந்து உலைக்குப் போய்விடும்.