என்ஜினைக் கழுவப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

பெருநாளைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. ஜன்னல் சீலைகள் தோய்த்துக் காய்ந்துவிட்டன. வாசலில் நின்ற எங்கள் பழைய நிஸான் ஸன்னி மட்டும் என் கணவரின் கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்தது. வெளிப்புறத்தைக் கழுவியவர் அத்தோடு விட்டிருக்கலாம். பொனற்றையும் திறந்தார். பல வருடத்து ஒயிலும் புழுதியும் உள்ளே அப்பிக் கிடந்தன. தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து, சவர்க்காரத் தூளைக் கரைத்து, ஒரு மணித்தியாலம் பாடுபட்டார். என்ஜின் புதுப் பானை போல மினுங்கியது.

மறுநாள் காலை உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். சாவியைத் திருகினால் கார் முனகியதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த திகதி அது. ஓடித் திரிந்து ஒரு முச்சக்கர வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இலக்கம் கொடுத்து முடிந்திருந்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கூடுதல் வேதனையாக இருந்தது.

மாலையில் வந்த மெக்கானிக் பொனற்றைத் திறந்ததும் கேட்ட முதற் கேள்வி: "நானா, தண்ணி அடிச்சீங்களா?" டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிக் காட்டினார். உட்புறத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் பாகம் அது. ஈரம் பட்டால் மின்சாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து மூடினார். ஒரே திருகில் கார் உயிர் பெற்றது. ஐந்து நிமிட வேலை!

நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதற்குள் பழைய வண்டிகள் இன்னும் பழையனவாகிவிட்டன. உதிரிப் பாகங்களின் விலையும் எங்கேயோ போய்விட்டது. ஆகவே, சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்வதில் தவறில்லை. பல வீடுகளில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதும் இப்போது நாம்தானே. வாகனம் வாப்பாவின் பொறுப்பு, நமக்கென்ன என்று சகோதரிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

தண்ணீரும் சூடும்

என்னைக் கேட்டால், குழாயைத் தொடாமலே என்ஜினைச் சுத்தம் செய்வதுதான் உத்தமம். பிழிந்த ஈரத்துணி, பழைய பல் தூரிகை, கடையில் விற்கும் என்ஜின் கழுவும் திரவம் கொஞ்சம், இவை போதும். இல்லை, கழுவியே தீருவேன் என்பவர்கள் முதலில் என்ஜின் ஆறும்வரை பொறுக்க வேண்டும். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆற வேண்டும். கொதிக்கும் வார்ப்பிரும்புப் பாகங்களில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழலாம். அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்து, தண்ணீர் படக் கூடாத இடங்களைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள். டிஸ்ரிபியூற்றர், பெற்றரிக்கு மின்சாரம் ஏற்றும் ஓல்ற்றனேற்றர், பியூஸ் பெட்டி, காற்று உள்ளே போகும் வாய் ஆகியவை முக்கியம். புதிய வண்டிகளில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர் பெட்டியும் வயர் இணைப்புகளும் சேரும். ஒயில் ஊற்றும் மூடியும், ஒயில் அளவு பார்க்கும் கம்பியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உயர் அழுத்தத்தில் பீச்சும் இயந்திரம் இங்கே வேண்டவே வேண்டாம். ரப்பர் அடைப்புகளையும் தாண்டி அது நீரை உள்ளே தள்ளிவிடும். கட்டிய பைகளை எண்ணி வையுங்கள், அவிழ்க்கும்போதும் எண்ணுங்கள். மறந்துபோன ஒரு பை விசிறியில் சுற்றிக்கொள்ளும், அல்லது சூட்டில் உருகி ஒட்டும்.

மண்ணெண்ணெய் பூசிக் கழுவும் வழக்கம் பலரிடம் உண்டு. அழுக்குப் போகும், உண்மைதான். ஆனால், ரப்பர் குழாய்களும் பெல்ற்றுகளும் அதில் ஊறிக் காலப்போக்கில் தளர்ந்துவிடும்; தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பெற்றோலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. குழாயடைப்பு நீக்கும் கொஸ்ரிக் சோடாவும் அலுமினியத்தை அரிக்கும். இன்றைய என்ஜின்களில் பெரும்பகுதி அலுமினியம்.

பெற்றரியும் தங்க வளையலும்

பெற்றரி முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வெறுங்கையால் சுரண்டாதீர்கள், அதில் அமிலம் இருக்கிறது. அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய தூரிகையால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கரைசல் பெற்றரியின் உள்ளே மட்டும் இறங்கக் கூடாது.

பெற்றரியைக் கழற்றும்போது முதலில் கழற்ற வேண்டியது மைனஸ் முனை. திரும்பப் பூட்டும்போது அது கடைசி. காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸ் பூட்டியிருக்கையில் பிளஸ் முனையில் ஸ்பானரைப் போட்டுத் திருகி, அதன் மறுநுனி எங்காவது இரும்பில் தட்டினால் பொறி பறக்கும். மின்னேறும் பெற்றரியிலிருந்து வரும் ஹைதரசன் வாயுவுக்கு ஒரு பொறி போதும், வெடிப்பதற்கு. மோதிரமும் வளையலும் கூட இந்த இடத்தில் ஸ்பானர்தான். தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். ஆகவே, வேலைக்கு முன் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். துப்பட்டாவையும் முந்தானையையும் ஒதுக்கிக் கட்டுங்கள். ரேடியேற்றரின் மின்விசிறி, என்ஜின் நின்ற பிறகும் சூட்டுக்குத் தானாகச் சுழலத் தொடங்கலாம்.

ரேடியேற்றர் மூடி விடயத்தில் விளையாட்டே இல்லை. உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய் அத்தனையும் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் பாயும். துணி சுற்றித் திறந்தால் பரவாயில்லை என்பார்கள், நம்பாதீர்கள். முழுதாக ஆறட்டும். நிரப்பும்போதும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

பிளக் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றுங்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். பூட்டும்போது முதற் சுற்றுகளை விரலால் திருகுங்கள். கோணலாக ஏறிய பிளக்கை ஸ்பானரால் பலவந்தப்படுத்தினால் அலுமினியப் புரி அழிந்துபோகும். பிறகு செலவு ஆயிரக்கணக்கில் நிற்காது. ஒயில் கம்பியின் இரு குறிகளுக்கு இடையில் இருந்தால் போதும். கூட ஊற்றினால் கூட நல்லது என்று எண்ணாதீர்கள். பிரேக் ஒயில் பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்றை உரித்துவிடும். காற்று வடிகட்டி கடதாசியாக இருந்தால் கழுவக் கூடாது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் செம்மஞ்சள் நிற வயர்களைக் கண்டால் கையெடுத்துவிடுங்கள். உயிரைப் பறிக்கும் மின்சாரம் அதில் ஓடுகிறது. வண்டி இயங்கு நிலையில் இருந்தால், சத்தமில்லாமல் நின்றுவிட்டு என்ஜின் திடீரென்று தானே ஸ்டார்ட் ஆகும். நிறுத்திவிட்டுச் சாவியை வீட்டுக்குள் வையுங்கள். பல ஹைபிரிட் வண்டிகளில் பின் ஆசனத்தருகே பெரிய பெற்றரியைக் குளிரவைக்கும் காற்றுத் துவாரம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் பாடசாலைப் பையும் பிஸ்கட் துகளும் அதைத்தான் தேடிப் போய் அடைக்கும். வாரம் ஒருமுறை பாருங்கள்.

எங்கள் ஸன்னி இன்னும் ஓடுகிறது. கணவர் இப்போது துணியும் தூரிகையும்தான் எடுக்கிறார். மழைக்காலக் காலைகளில் மட்டும் நான் ஸ்டார்ட் செய்யுமுன் பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டுவேன். சூட்டுக்கு உள்ளே ஏறிப் படுத்த பக்கத்து வீட்டுப் பூனை இரண்டு முறை பாய்ந்து ஓடியிருக்கிறது.