செமன் டின்னில் சால்மன் இல்லை

மாதம் பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம். அன்று பின்னேரம் சபரகமுவை மாகாணத்தின் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்களும் கொழுந்து எடுக்கிறவர்களும் கடைத்தெருவுக்கு இறங்குவார்கள். பழைய கணக்கைக் கட்டி, அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் பைக்குள் போன பிறகும் கையில் ஏதாவது மிஞ்சினால் கண் கடையின் மேல்தட்டுக்குப் போகும். "முதலாளி, ஒரு செமன் குடுங்க. பெரிய டின்னு." கடைக்காரர் தமிழரோ சிங்களவரோ, அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்கமாட்டார். 425 கிராம் டின் ஒன்று தூசி தட்டப்பட்டு மேசைக்கு வரும்.

சால்மன் என்ற ஆங்கிலச் சொல் சிங்களப் பேச்சில் தேய்ந்து, தோட்டத்துத் தமிழில் செமன் ஆனது. ஆனால் அந்த டின்னைத் திருப்பிப் பொடி எழுத்துகளை வாசித்தால், பெரும்பாலும் மெக்கரல் என்றோ ஜாக் மெக்கரல் என்றோதான் அச்சாகியிருக்கும். இலங்கையில் தலைமுறை தலைமுறையாகச் செமன் என்று சமைத்து, செமன் என்று பிள்ளைகளுக்கு ஊட்டிய மீன் சால்மனே அல்ல. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. டின் தன் பெயரை ஒழுங்காகத்தான் சொல்கிறது. நாம்தான் பழைய பெயரை விடவில்லை.

அப்படியானால் அது என்ன மீன்? ஜாக் மெக்கரல், நம் பாறை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. பக்கவாட்டில் வால்வரை ஓடும் முரட்டுச் செதில் வரிசையைப் பார்த்தாலே பாறை வீட்டு முகச்சாயல் தெரியும். மெக்கரல் என்று மட்டும் போட்டிருந்தால் அது கும்பளாவின் உறவு. தமிழ்நாட்டில் கானாங்கெளுத்தி, அயிலை என்பார்களே, அந்த வகை. ஆக, வெள்ளைக்காரப் பெயரோடு வந்த விருந்தாளி உண்மையில் நம் கடற்கரை மீன்களுக்குப் பங்காளி முறை.

ஜாக் மெக்கரல் டின்களில் கணிசமானவை வெகுதூரத்துச் சிலியிலிருந்து கப்பலேறியவை. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி ஹம்போல்ட் என்னும் குளிர்நீரோட்டம் ஓடுகிறது. அதில் இந்த மீன் கூட்டங்கூட்டமாகத் திரியும். 1990களின் நடுவில் அங்கே ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள். அள்ளிய வேகத்தில் மீன் குறைந்துபோய், பிறகு நாடுகள் கூடிப் பிடிக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு போட வேண்டிவந்தது. சிலிக்காரர்கள் பேசுகிற ஸ்பானிய மொழியில் இந்த மீனுக்கு ஹுரெல் என்று பெயர். அங்கேயும் அதை விற்கச் சால்மனின் பெயரைத்தான் கடன் வாங்கினார்கள். 'ஹுரெல் திப்போ சல்மோன்', அதாவது 'சால்மன் மாதிரி ஹுரெல்' என்று டின்னில் அச்சடித்தார்கள். நாளடைவில் அது சிலியில் சொலவடையாகவே ஆகிவிட்டது. ஒசத்தியானதைப் போல வேஷம் போடும் மலிவுச் சரக்கைப் பார்த்தால் அங்கே அப்படித்தான் கேலி செய்வார்கள். நாம் அந்தக் கேலியின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மனதாரச் சாப்பிட்டுவிட்டோம். இன்னொரு வேடிக்கை, பண்ணையில் வளர்க்கும் அசல் சால்மனில் நோர்வேக்கு அடுத்த இடமும் இதே சிலிக்குத்தான்.

பெயர் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது? பசிபிக் கரையின் முதல் சால்மன் டின் ஆலை 1864இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில் தொடங்கியது. ஹ்யூம் சகோதரர்களும் ஹாப்குட் என்பவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அங்கிருந்து அந்தத் தொழில் கொலம்பியா, ஃப்ரேசர் ஆறுகளுக்கும் அலாஸ்காவுக்கும் பரவியது. அந்த டின்களுக்குப் பெரிய சந்தை பிரித்தானியா. பிரித்தானியர் போன இடமெல்லாம் டின்னும் போனது. தேயிலையும் ரப்பரும் நட்ட துரைமாரின் பங்களா அலமாரியில் அசல் சால்மன் டின் இருந்த காலத்தில், 'டின்னில் வரும் மீன்' என்பதற்கே அந்தப் பெயர் நின்றிருக்க வேண்டும். உள்ளே இருந்த மீன் பின்னால் மாறியது, பெயர் மாறவில்லை. மலேசியத் தமிழர்கள் 'சாடின்' என்று வாங்கும் டின்னிலும் பல தடவை மெக்கரல்தான் இருக்கிறது என்பதால், இது இலங்கைக்கு மட்டும் வந்த குழப்பமும் இல்லை.

சபரகமுவையில் இந்தப் பெயருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்த மாகாணத்தின் காவல் தெய்வம் சமன். இரத்தினபுரியில் மகா சமன் தேவாலயம் இருக்கிறது, ஆண்டுதோறும் பெரஹரா வரும். செமன் என்பதில் முதல் எழுத்தைக் கொஞ்சம் அசட்டையாக உச்சரித்தால் மீன் கேட்டவர் சாமி பெயர் சொன்னவராகிவிடுவார். கடையில் கேட்கும்போது நாக்கு சுத்தமாக இருப்பது நல்லது.

மலைநாட்டுக் கதையைப் பேசும்போது எல்லோரும் நுவரெலியாவையும் ஹட்டனையும்தான் பேசுவார்கள். சபரகமுவையின் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. கீழே ரப்பர், மேலே போகப் போகத் தேயிலை. இலங்கையில் கடலே தொடாத மாகாணங்கள் நான்கு, அவற்றில் சபரகமுவையும் ஒன்று. நீர்கொழும்பிலோ பேருவளையிலோ ஏறிய மீன், பெட்டியில் ஐஸ் கரையக் கரைய மலையேறி வரும்போது விலையும் கூடவே ஏறியிருக்கும். அதனால்தான் இங்கே கடல் என்றால் கருவாடு, நெத்தலி, மாசி, அப்புறம் செமன். விடியுமுன் ரப்பர் மரத்தடியில் நிற்க வேண்டிய வீட்டில் மீன் கழுவி, செதில் சுரண்டிக்கொண்டிருக்க நேரமும் கிடையாது.

டின்னுக்குள் நடப்பது எளிமையான வித்தை. தலையும் குடலும் நீக்கிய மீனை டின்னின் உயரத்துக்கு வெட்டி நிறுத்தி, உப்புநீரோ தக்காளிச் சாறோ ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடுவார்கள். பிறகு பெரிய அழுத்தக் கொப்பரையில் கொதிநிலைக்கும் மேலான சூட்டில் வேகவைப்பார்கள். கிருமி சாகிறது, முள்ளும் மெழுகுபோல மெதுவாகிறது. நடுமுள்ளைப் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்பது இதனால்தான். அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அந்த முள்ளைத் தூக்கி எறியாதிருக்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

விலைக் கதைக்கு வருவோம். 2020 மார்ச்சில் அரசாங்கம் 425 கிராம் டின் மீனுக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை போட்டது. அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய், அதாவது ஒரு நாள் உழைப்பில் ஏழில் ஒரு பங்கு ஒரு டின். அந்த விலை சில வாரங்கள்கூட ஒழுங்காக நிற்கவில்லை. 2021இல் சம்பளம் 1000 ரூபாயானது. 2022இல் நாடு வங்குரோத்தானபோது ஒரு டின் 500 ரூபாயைத் தாண்டியது. சம்பளம் கூடியும், அரை நாள் கொழுந்து ஒரு டின்னுக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஏழைகளின் மீன் என்று அதைச் சொல்வதற்கு அப்போது யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு டின்னை ஆறு பேருக்குப் பங்கு வைப்பது தனிக் கலை. கத்தி முனையை விளிம்பில் வைத்து உள்ளங்கையால் தட்டித் திறப்பார்கள். உள்ளேயிருக்கும் தண்ணீரைக் கொட்டலாமா கூடாதா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. கவிச்சை போக வேண்டுமென்றால் கொட்டுங்கள், உப்பும் ருசியும் வேண்டுமென்றால் பாதியை வையுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை தாளித்து, முதலில் உருளைக்கிழங்கையோ ஈரப்பலாக்காயையோ போட்டு வேகவிட வேண்டும். கறியைக் கூட்டுவது அதுதான். வறுத்த மிளகாய்த்தூள், இரண்டு துண்டு கொறக்கா, கட்டியான தேங்காய்ப்பால். மீன் கடைசியில்தான். அது ஏற்கெனவே வெந்தது, கரண்டி போட்டுக் கிளறினால் தூளாகிவிடும். சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான். கறி வைக்க நேரமில்லாத அன்று அதையே பச்சையாக வெங்காயம், தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் ரொட்டிக்கும் அவித்த மரவள்ளிக்கும் சம்பல் ஆச்சு. உப்பிய டின்னை மட்டும் விலை குறைத்துத் தந்தாலும் தொடக்கூடாது. மிஞ்சியதை டின்னிலேயே வைக்காமல் வேறு கோப்பைக்கு மாற்ற வேண்டும்.

இந்தச் செமனை உண்டு வளர்ந்தவர்கள் வெளிநாட்டில் அசல் சால்மனைச் சந்திக்கும் இடம் சுவாரசியமானது. 1980களிலிருந்தே தோட்டப் பெண்கள் வளைகுடாவுக்கும் லெபனானுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். முதலாளியம்மா ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைக்கிற துண்டு செம்மஞ்சள் நிறத்தில், வெள்ளைக் கொழுப்புக் கோடுகளோடு, எந்தச் செமனையும் போலில்லாமல் இருக்கும். சாயம் போட்ட மீனோ என்று சந்தேகம் வருவது இயல்பு. அந்த நிறம் சால்மன் தின்னும் சிறு இறால் வகைகளில் உள்ள அஸ்டாசாந்தின் என்ற பொருளால் வருவது. பண்ணை மீனுக்கு அதைத் தீவனத்தில் கலந்து கொடுப்பார்கள். லண்டனிலும் டொரொன்டோவிலும் உள்ள தமிழ் வீடுகளில் சால்மன் குழம்பு இன்று வாரச் சமையல். ஊர் டின்னின் ருசி தேடிப் போய், சால்மன் என்று எழுதிய டின்னை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தேட வேண்டிய சொல் மெக்கரல். தமிழ்நாட்டிலும் மும்பையிலும் இந்தியன் சால்மன் என்று விற்பது காலா மீன், மும்பையில் ராவஸ் என்பார்கள். அதற்கும் சால்மனுக்கும் எந்த உறவும் இல்லை.

அசல் சால்மனின் நெருங்கிய சொந்தம் சபரகமுவைக்குத் தலைக்கு மேலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1880களில் வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் மீனை மலைநாட்டு ஓடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த வானவில் டிரவுட், பசிபிக் சால்மன்களோடு ஒரே பேரினம் என்று 1989இல் விஞ்ஞானிகள் அதன் பெயரையே மாற்றினார்கள். ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் அது பிழைத்துக்கொண்டது. அங்கே பிறக்கும் பெலிஹுல் ஓயா இரத்தினபுரி மாவட்டத்துக்குள் இறங்கி வளவை கங்கையில் சேர்கிறது. தண்ணீர் இறங்கி வந்தாலும் டிரவுட் இறங்காது, கீழே சூடு அதிகம்.

சால்மனைக் குழம்பு வைக்க நினைக்கிறவர்கள் செமன் பழக்கத்தை ஒரு விஷயத்தில் மறக்க வேண்டும், இன்னொரு விஷயத்தில் வைத்துக்கொள்ளலாம். டின் மீனைப் போல இது வெந்த மீன் அல்ல. ஆனால் பாறை, சூரைத் துண்டுகளைப் போலக் கொதிக்கவும் விடக்கூடாது. அதிகம் வெந்தால் மேலே வெள்ளையாக ஒன்று கசியும். அது கெட்டுப்போனதல்ல, சூடு கூடியதற்கு மீன் காட்டும் அடையாளம். உறைந்த துண்டை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள். தோலை உரிக்காமல் பெரிய துண்டாக வெட்டி, விரலால் தடவி ஊசிமுள்ளைப் பிடுங்கி, குழம்பு முழுதாகத் தயாரான பிறகு போட்டு, அடுப்பைக் குறைத்து ஆறேழு நிமிடம் மூடி வைத்தால் போதும். கொழுப்பு அதிகமுள்ள மீன் என்பதால் தேங்காய்ப்பாலைக் குறைத்து, புளிப்பை ஒரு படி கூட்ட வேண்டும். பழப்புளியைவிட இதற்குக் கொறக்கா பொருந்தும். சிங்கள வீடுகளில் அம்புல் தியலுக்கு அரைத்துப் பூசுவது அதைத்தான், அது சதையை இறுக்கிப் பிடித்து மீன் உடையாமல் காக்கும். ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பொதிகளில் மிளகாய்த்தூளுக்கும் மாசிக்கும் நடுவே கறுப்பாகக் காய்ந்து சுருண்ட கொறக்காத் துண்டுகளுக்கும் ஒரு சின்னப் பை ஒதுக்கலாம்.