வாழைக்குள் உறங்கும் மரபணு

வாழையின் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு முறிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கினால் விவசாயிக்கு வயிறு கலங்கும். பனாமா வாடல் நோய். மண்ணில் வாழும் ஃபியூசேரியம் பூஞ்சை வேர் வழியே ஏறி, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாது. மரத்தை வெட்டி அகற்றினாலும் பூஞ்சை பல பத்தாண்டுகள் அந்த மண்ணிலேயே கிடக்கும்.

ஏற்றுமதிச் சந்தையில் கோலோச்சிய குரோ மிஷேல் ரகத்தைக் கடந்த நூற்றாண்டில் வீழ்த்தியது இதுதான். அந்த இடத்துக்கு வந்தது நோயைத் தாங்கிய கேவண்டிஷ். நம்மூர் ஜி9 அதன் குடும்பம். இப்போது டிஆர்4 என்னும் வகைப் பூஞ்சை கேவண்டிஷையும் சாய்க்கிறது. ஆசியாவில் பரவி, 2019இல் கொலம்பியாவை எட்டியது. பீகார், உத்தரப் பிரதேசத் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது.

வேறு பயிர் என்றால் நோய் தாங்கும் ரகத்தோடு கலப்பு செய்துவிடலாம். கேவண்டிஷுக்கு விதையே கிடையாது. பக்கக் கன்றும் திசு வளர்ப்பும்தான் வழி. எல்லாம் ஒரே மரத்தின் நகல்கள் என்பதால் ஒன்றைக் கொல்வது எல்லாவற்றையும் கொல்லும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் குழு காட்டு வாழையைத் தேடிப் போனது. தென்கிழக்கு ஆசியாவில் வளரும் அந்த வாழையில் பழத்தைவிட விதைதான் அதிகம். ஆனால் டிஆர்4 அதை அசைப்பதில்லை. அதிலிருந்து ஆர்ஜிஏ2 என்ற மரபணுவை எடுத்து கேவண்டிஷுக்குள் செலுத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில், நோய் பிடித்த நிலத்திலேயே நட்டு மூன்றாண்டுகள் பார்த்தார்கள். சாதாரண மரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நோயுற்றன அல்லது செத்தன. மரபணு மாற்றிய வாழை வகைகளில் ஒன்றை நோய் தொடவே இல்லை. 2017இல் முடிவுகள் வெளியாயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மரபணு கேவண்டிஷிலும் இருக்கிறது. ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா இந்த வாழையைப் பயிரிடவும் உண்ணவும் அனுமதித்தது. இருந்தும் கடைக்கு வரவில்லை. டிஆர்4 கைமீறினால் எடுத்துக்கொள்ளலாம் என்று கையிருப்பாக வைத்திருக்கிறார்கள். அது புத்திசாலித்தனம் என்றே தோன்றுகிறது. ஒரே மரபணுவை நம்பி மறுபடியும் ஒரே நகலை உலகெங்கும் நட்டால், பூஞ்சை இன்னொரு வழி கண்டுபிடிக்க அதிக காலம் ஆகாது.

டேல் குழு இப்போது வேறு முயற்சியில் இருக்கிறது: வெளி மரபணு எதையும் செலுத்தாமல், மரபணுத் திருத்தம் மூலம் கேவண்டிஷின் சொந்த மரபணுவையே எழுப்புவது. வெளி மரபணு கலக்காத இத்தகைய பயிர்களுக்கு 2022இல் இந்தியாவும் விதிகளைத் தளர்த்தியிருக்கிறது.