நம் வண்டிப் புகை யார் கணக்கில்?



சில மாதங்களாக நமது தாம்பரம் வட்டாரத்தில் கம்பெனி ஏஜென்சி எடுத்து நடத்தும் நண்பர்கள் சிலருக்கு ஒரு புதுப் படிவம் வந்துகொண்டிருக்கிறது. எத்தனை வண்டி வைத்திருக்கிறீர்கள், டீசலா, பெட்ரோலா, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எத்தனை லிட்டர் போடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். இது வருமான வரிக்கா, ஜி.எஸ்.டி.க்கா என்று பயந்து போய் நம்மிடம் வந்து விசாரித்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் இல்லை. இது புகைக் கணக்கு.

பெரிய கம்பெனிகள் தங்களால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்று கணக்கெழுத ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள உலக வள ஆய்வு நிறுவனமும், ஜெனீவாவில் உள்ள பெருந்தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்து 2001-ல் இதை வெளியிட்டன. நம் பேரேடு போலத்தான். மூன்று தலைப்புகள். கம்பெனியின் சொந்த பாய்லரும் சொந்த வண்டியும் விடும் புகை முதல் தலைப்பு. விலைக்கு வாங்கும் மின்சாரத்துக்காக எங்கோ எரியும் நிலக்கரி இரண்டாவது. அவர்களுடைய சரக்குக்காக மற்றவர்கள் விடும் புகை முழுவதும் மூன்றாவது. பருத்தி விளைவித்தவர், அட்டைப்பெட்டி செய்தவர், லாரிக்காரர், ஏஜென்சிக்காரர், கடைசியில் பாக்கெட்டைக் குப்பையில் போடும் வீட்டுக்காரர் வரை எல்லாரும் இந்த மூன்றாவதில் அடக்கம். இதற்கென்று தனியாக விரிவான விதிகள் 2011-ல் வந்தன. சோப்பு, பிஸ்கட், எண்ணெய் விற்கும் கம்பெனிகளுக்குப் பெரும்பகுதி புகை இந்த மூன்றாவது தலைப்பில்தான் நிற்கிறது. அதாவது நம் வீட்டு வாசலில்.

நமது நாடு 2070-க்குள் இந்தக் கணக்கை நேர் செய்யும் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். யூனிலீவர் கம்பெனி 2039 என்று தேதி குறித்துக்கொண்டிருக்கிறது. 2030-க்குள் 25,000-க்கு மேற்பட்ட மின்சார வண்டிகளை ஓட்டுவோம் என்று ஃபிளிப்கார்ட் 2021-ல் சொன்னது. செபி, பங்குச் சந்தையில் முதல் 1000 இடங்களில் உள்ள கம்பெனிகள் இப்படிப்பட்ட விவரங்களை ஆண்டறிக்கையோடு தர வேண்டும் என்று 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. சரக்கு கொடுப்பவர், எடுப்பவர் கணக்கையும் சேர்ப்பது பற்றி 2025 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை, கம்பெனியின் கொள்முதலிலோ விற்பனையிலோ 2 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதையும் விருப்பத்தின் பேரில் என்றுதான் சொல்கிறது. தாம்பரத்து ஏஜென்சி எதுவும் ஒரு அகில இந்தியக் கம்பெனியின் விற்பனையில் 2 சதவீதம் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே சட்டம் இன்னும் நம் கதவைத் தட்டவில்லை. கம்பெனிதான் தட்டுகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

இதெல்லாம் படித்தவர்கள் விவகாரம், மளிகைக்காரனுக்கு எதற்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2015 டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். தண்ணீர் வடிந்தபின் சில கடைகளில் சீனி மூட்டை இருந்த இடத்தில் வெறும் சாக்குதான் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் அதே பயம். ஒரு மழையைக் காட்டி இது கரியமில வாயுவால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அடையாற்றுக் கரையையும் ஏரிகளின் போக்குக் கால்வாய்களையும் நாம் அடைத்த கணக்கு தனியே இருக்கிறது. ஆனால் காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்லும் விஷயம். அந்த ஈரம் ஒரு நாள் எங்காவது கொட்டத்தான் வேண்டும்.

பருப்பு வரும் வழி

புகை எங்கே அதிகம் விழுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கிலோ துவரம்பருப்பை எடுத்துக்கொள்வோம். விருதுநகரிலிருந்து 10 டன் ஏற்றிய லாரி தாம்பரம் வருகிறது. தூரம் சுமார் 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 125 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வருகிறது. (டீசலே ஒரு கிலோ எடை இல்லையே, புகை எப்படி 2.7 கிலோ என்று கேட்பீர்கள். எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்துகொள்கிறது, அதன் எடைதான்.) மொத்தம் சுமார் 337 கிலோ. லாரிக்குத் திரும்ப லோடு கிடைத்துவிடுகிறது என்றால், ஒரு கிலோ பருப்புக்கு 34 கிராம் புகை.

இப்போது அதே பருப்பு நம் மண்டியிலிருந்து சில்லறைக் கடைக்குப் போகிறது. குட்டி யானையில் 150 கிலோ போட்டு, போய்வர 20 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் டீசல். புகை 3.6 கிலோ. ஒரு கிலோ பருப்புக்கு 24 கிராம்!

500 கிலோமீட்டருக்கு 34 கிராம். பக்கத்துப் பேட்டைக்கு 24 கிராம். பணமாகப் பார்த்தாலும் இதே கதைதான். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று குறைத்தே போடுவோம். விருதுநகரிலிருந்து வர டீசல் செலவு கிலோவுக்கு 1 ரூபாய் 12 பைசா. மண்டியிலிருந்து கடைக்கு 80 பைசா.

அதே குட்டி யானையில் ஏழெட்டுக் கடைச் சரக்கைச் சேர்த்து 700 கிலோ ஏற்றி, கூடுதலாக 5 கிலோமீட்டர் சுற்றவிட்டுப் பாருங்கள். புகை கிலோவுக்கு ஆறரை கிராமாக இறங்குகிறது. டீசல் செலவு 21 பைசா. மிச்சம் 59 பைசா. மளிகை மொத்த வியாபாரத்தில் கிலோவுக்கு 59 பைசா என்றால் என்னவென்று இந்த இதழைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஒரு கிலோ பருப்புக்காக மட்டும் வாடிக்கையாளர் ஒருவர் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய கடைக்கு ஸ்கூட்டரில் போய்வந்தால், 80 மில்லி பெட்ரோல், 180 கிராமுக்கு மேல் புகை. விருதுநகரிலிருந்து அந்தப் பருப்பு வந்ததைப்போல ஐந்து மடங்கு. மஞ்சள் பையோடு தெருமுனைக் கடைக்கு நடந்து வந்தால் புகையே இல்லை. சிறு கடைகளுக்கு ஆதரவாக எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். இந்த வாதத்தை இதுவரை நாம் எடுத்து வைத்ததில்லை. பத்து நிமிடத்தில் டெலிவரி என்று ஒரு எலுமிச்சம்பழப் பொட்டலத்துக்கு ஒரு பையனை அனுப்புகிறவர்கள் பசுமை பற்றிப் பேசும்போது இனி நாமும் எழுந்து பேசலாம்.

தூரத்தில் கூட்டு, பக்கத்தில் தனி

நமது லாரி பார்சல் ஆபீஸ்களைப் பாருங்கள். தேனி ஏலக்காய், ஈரோட்டு மஞ்சள், சேலத்து ஜவ்வரிசி என்று ஒரே லாரியில் முப்பது வியாபாரிகளின் சரக்கு வருகிறது. அவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் சரக்கு சேர்ந்து வந்துவிடுகிறது. அதுவே தாம்பரத்தில் இறங்கியபின் சண்முகம் சாலையிலிருந்து சேலையூருக்கு நான்கு மண்டிகள் நான்கு வண்டி அனுப்புகின்றன. நான்கும் அரை லோடு. நான்கும் கேம்ப் ரோடு நெரிசலில் என்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. 500 கிலோமீட்டர் சேர்ந்து வந்தவர்களால் 10 கிலோமீட்டர் சேர்ந்து போக முடியவில்லை!

காரணம் நமக்குத் தெரியும். அடுத்தவர் பையன் நம் பில்லைப் பார்த்து ரேட்டைத் தெரிந்துகொள்வான், வாடிக்கையைத் தட்டிக்கொண்டு போவான் என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் பார்சல் ஆபீஸில் சரக்கை நம்பிக் கொடுப்பது போல, வியாபாரத்தில் சம்பந்தமில்லாத ஒரு வண்டிக்காரரிடம் லைனை ஒப்படைத்து, பில்லை உறையில் ஒட்டிக் கொடுத்தால் ரேட் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அது முடியாதவர்கள் லைன் நாளையாவது கட்டாயமாக்கலாம். எங்கள் மண்டியில் திங்களும் வியாழனும் சேலையூர், மாடம்பாக்கம். செவ்வாயும் வெள்ளியும் முடிச்சூர், படப்பை. புதனும் சனியும் பெருங்களத்தூர், வண்டலூர் என்று பிரித்திருக்கிறோம். முதலில் எதிர்ப்புத்தான். "அண்ணாச்சி, ஒரே ஒரு சீனி மூட்டை, பையனை அனுப்பி வைங்க" என்று லைன் இல்லாத நாளில் போன் வரும். "தம்பி, நாளைக்கு உங்க பக்கம் வண்டி வருது, அதுவரைக்கும் பக்கத்துக் கடையில அரை மூட்டை கைமாத்து வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிச் சொல்லியே பழக்கினோம். இரண்டு வாடிக்கை விட்டுப்போனது உண்மை. ஒன்று திரும்பி வந்தது.

திரும்பும் வண்டியில் காலிச் சாக்கு, எண்ணெய் டின், சோடா கிரேட் ஏற்றி வருவது நம் முன்னோர் காலத்துப் பழக்கம். இதற்கு இப்போது வாயில் நுழையாத பெயர் வைத்துக் கருத்தரங்கு நடத்துகிறார்கள்.

மின்சார வண்டி பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மின்சார வண்டி தாம்பரத்துக்குப் புதிதல்ல. கடற்கரையிலிருந்து மின்சார ரயில் இங்கே 1931-லேயே வந்துவிட்டது. சரக்கு ஏற்றும் மின்சார ஆட்டோ 100 கிலோமீட்டருக்குச் சுமார் 10 யூனிட் எடுக்கும். மேலே சொன்ன 25 கிலோமீட்டருக்கு இரண்டரை யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 25 ரூபாய்தான். குட்டி யானைக்கு 150 ரூபாய். புகை அதிலும் உண்டு. தாம்பரத்தில் வராது, எண்ணூரிலும் நெய்வேலியிலும் வரும். இருந்தாலும் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று போட்டால் இரண்டு கிலோவுக்குள் நிற்கிறது. டீசலில் நாலரை கிலோ. பல வண்டிகளில் பாரம் 500 கிலோ அளவுக்குத்தான் ஏற்றலாம். பேட்டரி ஓய்ந்துபோனால் பெரிய செலவு. நம் பக்கத்துத் தெருக்களில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதையும் விற்பவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு வாங்குங்கள். தினம் 50, 60 கிலோமீட்டர் ஓடும் லைன் உள்ளவர்களுக்கு லாபம். வண்டி பாதி நாள் நின்றிருக்கும் கடைக்குப் போட்ட முதல் திரும்பாது.

இனி கம்பெனிக்காரர்களிடம் நாம் பேச வேண்டியது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசு தடை செய்தபோது நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நோக்கம் நல்லது, நாமும் ஒத்துழைத்தோம். ஆனால் கேரி பேக் வைத்திருந்த கடைக்காரருக்கு அபராதம். கம்பெனிகள் கட்டி அனுப்பிய பிளாஸ்டிக் பாக்கெட்டுக்கு அப்போது விலக்கு. அதே கடை வாசலில் அந்தச் சரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. புகைக் கணக்கிலும் பாரம் கடைசி ஆள் தலையில் இறங்கக் கூடாது என்றால் படிவம் நிரப்பும் இப்போதே வாய் திறக்க வேண்டும்.

நாம் வண்டியை மாற்றினால் குறையும் புகை கம்பெனியின் ஆண்டறிக்கையில் மூன்றாவது தலைப்பில் குறைவாக ஏறும். அதைக் காட்டி அவர்கள் நற்பெயர் எடுப்பார்கள். நல்லது. அப்படியானால் வண்டியின் விலையில் ஒரு பங்கோ, கமிஷனில் அரை சதவீதமோ நமக்கு வர வேண்டும். முதல் நம்முடையது, வரவு அவர்களுடையது என்று எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

இன்னொன்று, படிவத்தில் கேட்கப்படாத கேள்வி. மாதக் கடைசி டார்கெட். முதல் பத்து நாள் சரக்கு வராது. கடைசி மூன்று நாளில் வண்டி மேல் வண்டியாக வந்து இறங்கும். குடோன் கொள்ளாமல் நாம் கடைகளுக்குத் தள்ளுவோம், அதில் ஒரு பகுதி தேதி முடிந்து திரும்ப வரும், அதையும் வண்டி வைத்துத்தான் அனுப்ப வேண்டும். போன புகை, வந்த புகை, மறுபடி போன புகை. சரக்கை மாதம் முழுக்கச் சீராக அனுப்பினாலே நம் பகுதியில் பல நடைகள் குறையும். இதற்கு மின்சார வண்டியும் வேண்டாம், முதலீடும் வேண்டாம். விற்பனை மேலாளர் மனம் வைத்தால் போதும்.

இதைப் பேச நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் ஒரு மாதத்துக்கான வண்டி நோட்டைக் கொண்டு வரவும். தேதி, போன லைன், கிலோமீட்டர், போட்ட டீசல், ஏற்றிய கிலோ என்று ஐந்து கலம் போதும். காலியாகத் திரும்பிய நடைகளையும், அவசரம் என்று ஒரே மூட்டைக்காகப் போன நடைகளையும் விடாமல் எழுதவும். கம்பெனி ஏஜென்சி வைத்திருப்பவர்கள் மாதத்தின் எந்தத் தேதியில் எத்தனை பெட்டி இறங்கியது என்பதையும் தனித் தாளில் குறித்து வரவும்.