கறுத்த இலைக்கு மேலே பாருங்கள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பங்களா வாசல் அரலி மரமோ லயத்து முற்றத்து வெட்சியோ கறுத்துப்போனால், மழைக்குப் பிடித்த நோய் என்று இலையைக் கிள்ளிப் போடுகிறார்கள். அந்தக் கறுப்பு ஒரு பூஞ்சணம். அது மரத்தைத் தின்பதில்லை. மேலேயுள்ள இலைகளிலிருந்து செதில் பூச்சிகள் சொட்டும் இனிப்புக் கழிவில் வளர்கிறது. ஆகவே கறுத்த இலையை விட்டு, அதற்கு மேலேயுள்ள இலையைத் திருப்ப வேண்டும்.

நடுநரம்பை ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளத்தில், தட்டையான வெளிர்பச்சைப் புள்ளிகள் இருக்கும். முதுகினூடே கறுத்த வளைவு தெரிந்தால் அது பச்சைச் செதில் பூச்சி. பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்த எட்வர்ட் எர்னஸ்ட் கிரீன் 1889இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 1869இல் வந்த இலைத்துரு நோயில் தளர்ந்திருந்த இலங்கைக் கோப்பியை 1880களில் மேலும் வாட்டியது இதுதான். கிரீன் பின்னர் இலங்கைச் செதில் பூச்சிகளைப் பற்றி 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக நூல் வெளியிட்டார். நம் மண்ணில் பிறந்த அந்த அறிவு நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டவேயில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஆண் இல்லாமலே பச்சைச் செதில் பெருகும். ஊர்ந்து பரவுவது பெரும்பாலும் குஞ்சுகள்தான். இடம் பிடித்ததும் ஊசிவாயைக் குத்திச் சாறு உறிஞ்சும். வன்செதில் என்ற இன்னொரு வகை, மெழுகோட்டுக்குள் ஒளிந்திருக்கும். இனிப்பு சொட்டாததால் அதைத் தேடி எறும்பு வராது, இலையும் கறுக்காது. மஞ்சள் புள்ளி விழுந்து கிளை காயும். நகத்தால் ஓட்டைக் கிளப்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் உயிருண்டு. காய்ந்த ஓடு மாதக்கணக்கில் ஒட்டியே கிடக்கும். அதற்கு மருந்தடிப்பது வீண்.

இனிப்புக்காக எறும்புகள் பச்சைச் செதிலுக்குக் காவல் நிற்கின்றன. சுவரைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசுங்கள். காவல் போனால் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் வேலையைத் தொடங்கும். அதன் பிறகும் பூச்சி மிஞ்சினால், குஞ்சுகள் ஊரும் நாட்களில் வெயில் தாழ்ந்தபின் சவர்க்காரக் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். பூக்கும் மரத்துக்கு ஊடுருவும் நஞ்சு வேண்டாம், தேனீ சாகும்.

சப்ரகமுவவுக்கு இன்னொரு துணை உண்டு. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அந்த ஈரத்தில் ஒரு வெண்பூஞ்சணம் பச்சைச் செதிலைக் கொன்று, அதன் விளிம்பில் வெள்ளை வளையமாகப் படரும். அதை நோயென்று எண்ணிப் பூஞ்சணக்கொல்லி அடித்துவிடாதீர்கள். அந்தக் கிளைத்துண்டை, பூச்சி மண்டிய இன்னொரு மரத்தில் மழைக்காலத்தில் கட்டிவிட்டால் அங்கும் அது பரவ வாய்ப்புண்டு.