கனவு காரை வாங்கலாமா? ஷோரூமுக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

உங்க இன்ஸ்டாகிராமுக்கு உங்களைப் பத்தி நல்லாவே தெரியும். ஒரே ஒருமுறை சிவப்பு கலர் கார் ஒன்று டயர் கிறீச்சிட வளைவதை முழுசாகப் பார்த்திருப்பீங்க. அதுக்கப்புறம் தினமும் நாலு ரீல்ஸ். எக்ஸாஸ்ட் சத்தம், 'வெறும் இவ்வளவு இ.எம்.ஐ-தான் ப்ரோ' என்று ஒருத்தர், 'லைஃப் ஒருமுறைதான் மச்சான்' என்று இன்னொருத்தர். மூணாவது வாரம் நீங்களே இ.எம்.ஐ கால்குலேட்டரைத் திறந்து உட்கார்ந்திருப்பீங்க.

திறந்தது தப்பே இல்லை. ஆனால் அந்தக் கால்குலேட்டர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: மாசம் எவ்வளவு கட்டணும்? 'என்னால் இந்த காரை வெச்சுக்க முடியுமா' என்பது வேற கேள்வி. அதுக்கான கணக்கைத்தான் இங்கே போடப் போகிறோம்.

போர்ஷே 911 மாதிரி சுமார் 2 கோடி ரூபாய் காரை உதாரணமாக எடுத்தால் எல்லோரும் சிரிச்சுட்டுப் போயிடுவோம். அதனால் கொஞ்சம் கீழே இறங்கி வருவோம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது; முழுசாகக் கட்டப்பட்டு இறக்குமதியான கார். 265 பி.எஸ் பவர், 0-100 கி.மீ வேகத்தை 5.9 விநாடிகளில் தொட்டுவிடும். ஆபீஸுக்கும் போகலாம், ரேஸ் டிராக்கிலும் இறக்கலாம். அறிமுகமானபோது எக்ஸ்-ஷோரூம் விலை சுமார் 53 லட்சம். முதலில் வந்தது மொத்தமே 150 கார்கள்தான் என்பதால், இன்றைக்கு நினைச்சாலும் உடனே கிடைக்காது. கணக்குக்குப் பொருத்தமாக இருப்பதால் இதையே வெச்சுக்குவோம்.

53 லட்சம் எப்படி 66 லட்சம் ஆனது?

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு ஆயுள் வரி 20 சதவிகிதம். 2023 நவம்பரில் ஏற்றிய வரி இது. 53 லட்சத்துக்கு இதுவே 10 லட்சத்து 60 ஆயிரம். நல்ல ஹேட்ச்பேக் ஒன்று இந்தக் காசுக்கே வந்துவிடும்! அடுத்து, 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவிகிதம் டி.சி.எஸ் பிடிப்பார்கள், அது 53,000 ரூபாய். இது மட்டும் செலவு இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வாங்கலாம். நிறைய பேர் மறந்தே போய்விடுகிறார்கள். அதுக்கு மேல் இன்ஷூரன்ஸ். முதல் வருட சேதக் காப்பீடு, சட்டப்படி கட்டாயமான மூன்று வருட தேர்டு பார்ட்டி, ஜீரோ டெப்ரிசியேஷன் மாதிரியான ஆட்-ஆன்கள் எல்லாம் சேர்ந்து 2 லட்சத்தை ஒட்டி வரும். ஆக, சாவி கைக்கு வரும்போது ஏறக்குறைய 66 லட்சம்.

இந்த இடத்தில்தான் 'மச்சான், பாண்டிச்சேரி அட்ரஸ்ல ரிஜிஸ்டர் பண்ணிடு, வரி கம்மி' என்று ஒரு நண்பர் ஐடியா கொடுப்பார். குடியிருக்காத ஊரின் முகவரியைக் காட்டி வரியைக் குறைப்பது ஏய்ப்புதான். 2017-ல் கேரளாவில் இந்த விஷயத்தில் சினிமா பிரபலங்கள் வரைக்கும் வழக்கில் சிக்கினார்கள். சச்சினுக்கே ஃபெராரி விஷயத்தில் சங்கடம் வந்தது. ஃபியட் நிறுவனம் பரிசாகக் கொடுத்த ஃபெராரி 360 மொடெனாவுக்கு ஒரு கோடிக்கும் மேலான சுங்க வரியை அரசு தள்ளுபடி செய்ய, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஃபியட்டே அந்த வரியைக் கட்டியது. கிஃப்ட்டாக வந்த காருக்கே அந்தக் கதி.

இ.எம்.ஐ சின்னதாகத் தெரிந்தால் உஷார்

20 சதவிகிதம், அதாவது சுமார் 13 லட்சத்தை நீங்கள் கையிலிருந்து போடுகிறீர்கள். மீதி 53 லட்சம் கடன், வட்டி 9 சதவிகிதம். நாலு வருடத்தில் கட்டினால் மாசம் சுமார் 1,32,000 ரூபாய். 'அடேங்கப்பா' என்கிறீர்களா? உடனே விற்பனைப் பிரதிநிதி 'சார், ஏழு வருஷம் போட்டுக்கலாமே' என்பார். 85,300 ஆகிவிடும். பார்க்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் மொத்த வட்டியைப் பாருங்கள்: நாலு வருடத்துக்கு சுமார் 10 லட்சம், ஏழு வருடத்துக்கு 18 லட்சத்து 60 ஆயிரம். மாசா மாசம் இதமாக இருப்பதற்காக எட்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள்.

இன்னொரு வகைக் கடனும் உண்டு. சொகுசு கார் விளம்பரங்களில் நம்ப முடியாத அளவுக்கு இ.எம்.ஐ குறைவாக இருந்தால், கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் கடைசியில் ஒரே தவணையில் பெரிய தொகை கட்டவேண்டிய 'பலூன்' கடனாக இருக்கும். நாலு வருடம் ஜாலியாக ஓட்டிவிட்டு, ஐந்தாவது வருடம் 20 லட்சத்தை ஒரே நாளில் புரட்டணும் என்றால்?

'கம்பெனி பேர்ல வாங்கிடுங்க, டாக்ஸ் மிச்சம்' என்பது அடுத்த ரீல்ஸ் தத்துவம். சொந்தத் தொழில் செய்பவர், தொழிலுக்காகவே பயன்படுத்தும் காருக்கு வருடத்துக்கு 15 சதவிகிதம் தேய்மானம் காட்டலாம் என்பது உண்மை. ஆனால் 100 ரூபாய் செலவு காட்டினால் 30 சதவிகித வரி வரம்பில் இருப்பவருக்கு மிச்சமாவது 30 ரூபாய் சொச்சம்தான். மீதி 70 அவர் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. சம்பளக்காரருக்கோ, சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கார் கடனின் வட்டிக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

வாங்கிய பிறகு ஆரம்பிக்கும் செலவு

பெட்ரோலை முதலில் பார்ப்போம். சென்னை டிராஃபிக்கில் இந்த மாதிரி காரிடம் லிட்டருக்கு 9 கி.மீ எதிர்பார்க்கலாம். மாசம் 1,000 கி.மீ ஓட்டினால் சுமார் 110 லிட்டர், அதாவது 11,000 ரூபாய்க்கு மேல். எக்ஸ்பி95 மாதிரி உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் போடணும் என்றால் இன்னும் கொஞ்சம் ஏறும். டயர் 18 இன்ச். ஓரச்சுவர் ஒல்லியாக இருக்கும். நம்ம ஊர்ப் பள்ளத்தில் ஒருமுறை 'டமார்' என்று இறங்கினால் டயர் மட்டும் போகாது, அலாய் வீலும் வளைந்துவிடும். சர்வீஸ், டயர், பிரேக் பேட் எல்லாவற்றுக்கும் மாசம் 8,000 ஒதுக்கி வையுங்கள். இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க மாசக் கணக்கில் ஒரு 12,000.

நாலு வருட இ.எம்.ஐ-யோடு சேர்த்தால் மாசம் 1,63,000 ரூபாயைத் தாண்டுகிறது. உலகம் முழுக்கச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு: 20 சதவிகிதம் முன்பணம், நாலு வருடத்துக்குள் கடன், கார் செலவு மொத்தமும் மாச வருமானத்தில் 10 சதவிகிதத்துக்குள். அதன்படி பார்த்தால் உங்கள் மாச வருமானம் 16 லட்சத்துக்கு மேல் இருக்கணும்! இந்த விதி நம்ம ஊருக்கு ரொம்பக் கறார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. சரி, 20 சதவிகிதம் என்று தாராளமாக விட்டாலும் 8 லட்சம். இதுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவர்கள் வாங்குவதே இல்லையா என்றால், வாங்குகிறார்கள். அவர்களில் சிலருக்கு வாடகைச் செலவு இல்லை, அப்பா கட்டிய வீடு. சிலர் ரெண்டாவது வருடமே விற்றுவிடுகிறார்கள். ரீல்ஸில் வருவது டெலிவரி எடுக்கிற நாள் மட்டும்தான்.

கண்ணுக்கே தெரியாத செலவு, விலைச் சரிவு. இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பை ஐ.டி.வி என்பார்கள். அதுக்கான வழக்கமான அட்டவணைப்படி ரெண்டாவது வருடத்தில் 20 சதவிகிதம் குறைப்பார்கள். ஐந்தாவது வருடத்தில் 50 சதவிகிதம். அதுவும் எக்ஸ்-ஷோரூம் விலையிலிருந்துதான் குறைப்பார்கள். நீங்கள் கட்டிய 10 லட்ச ரூபாய் சாலை வரி அந்தக் கணக்கிலேயே வராது. நாலு வருடம் கழித்து 66 லட்ச ரூபாய் காரை 40 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 26 லட்சம் கரைந்திருக்கும். மாசத்துக்கு 54,000.

சென்னைக்காரர்களுக்கு ஒரு ஸ்பெஷல் செலவும் இருக்கிறது: மழை. 2015-ஐயும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் பார்த்த ஊர் இது. 2024 அக்டோபரில் மழை அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திய படங்களைப் பார்த்திருப்பீங்க. சிரிச்சோம், ஆனால் அவர்கள் செய்தது சரியான கணக்கு. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் நீர் புகுந்தால், சாதாரண முழுக் காப்பீடு பொதுவாக அதுக்குப் பணம் தராது. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் தனியாக வாங்கியிருக்கணும். தரையை ஒட்டி ஓடும் காருக்கு முழங்கால் அளவு தண்ணீரே போதும்.

அப்போ 90,000 சம்பளக்காரர் கனவே காணக் கூடாதா?

காணலாம். ஆனால் வேற காரை. கையில் வரும் சம்பளம் 90,000. நம்ம தாராளக் கணக்குப்படி கார் செலவுக்கு மாசம் 18,000. அதில் பெட்ரோல் 6,000, இன்ஷூரன்ஸ், சர்வீஸுக்கு 4,000. இ.எம்.ஐ-க்கு மிச்சம் 8,000. நாலு வருடத்துக்கு அதே 9 சதவிகிதத்தில் சுமார் 3.2 லட்சம் கடன் கிடைக்கும். பழைய காருக்கு வட்டி இன்னும் கூடுதலாக இருக்கலாம். சேமிப்பிலிருந்து 3, 4 லட்சம் சேர்த்தால், 6-7 லட்சத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் போலோ ஜி.டி டி.எஸ்.ஐ மாதிரி கார். இன்னும் கொஞ்சம் எட்ட முடிந்தால் ஐ20 என் லைன், வர்ட்டூஸ் ஜி.டி என்று படி ஏறலாம். இவை ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று கமென்ட்டில் சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். ஏலகிரி ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்க, முகத்தில் சிரிப்பு வருகிறதா இல்லையா என்று!

இந்தக் கணக்கையும் போடுவதற்கு முன் ஒன்றை வீட்டில் உட்கார்ந்து பேசணும். கல்விக் கடன் பாக்கி இருக்கிறதா? அப்பா, அம்மாவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? அடுத்த ரெண்டு வருடத்தில் தங்கச்சி கல்யாணம் இருக்கிறதா? நாளைக்கே லே-ஆஃப் மெயில் வந்தால் ஆறு மாசம் ஓட்ட காசு இருக்கிறதா? ஐ.டி வேலையில் இருப்பவர்கள் கடைசிக் கேள்வியை ரெண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள். வேலை போன மாசத்தில் காரை விற்கப் போனால், நீங்கள் அவசரத்தில் இருப்பது வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். அவர் சொல்வதுதான் விலை.

எல்லாவற்றுக்கும் பதில் 'ஓகே' என்றால், ஒரு ஒத்திகை பாருங்கள். கார் இன்னும் வரவில்லை, ஆனால் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சம்பளம் வந்த மறுநாளே அந்த 18,000-ல், இப்போது பைக்குக்கும் கேப்புக்கும் செலவாவதைக் கழித்துவிட்டு, மீதியைத் தனி அக்கவுன்ட்டுக்குப் போகிற மாதிரி ஆட்டோ டெபிட் போடுங்கள். ஆறு மாசம். தீபாவளி, நண்பன் கல்யாணம், கோவா டிரிப் எல்லாம் இந்த ஆறு மாசத்துக்குள் வரணும். அப்போதுதான் டெஸ்ட் சரியாக இருக்கும். அந்த அக்கவுன்ட்டில் கை வைக்காமல் இருந்தால், உங்களால் முடியும். முன்பணமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். மூணாவது மாசமே கை வைத்துவிட்டால், நஷ்டம் ஒரு ரூபாய்கூட இல்லை.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் சீப்பா கிடைக்குதே?

கிடைக்கும். 2016-ல் 65 லட்சத்துக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் வரும்போது மனசு அடிச்சுக்கும். 5 லிட்டர் வி8 இன்ஜின் ஆச்சே! ஆனால் விலைதான் பாதியாகும், பராமரிப்புச் செலவு பாதியாகாது. உதிரி பாகத்தின் விலை எப்போதும் புது காரின் விலைதான். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, ஒரு ஹெட்லைட் உடைந்தால் எங்கிருந்து வரும், எத்தனை நாளாகும் என்பதை வாங்கும் முன் சர்வீஸ் சென்டரிலேயே போய்க் கேளுங்கள். முன்பு சொன்ன போலோவுக்கும் ஒரு விஷயம்: அதன் டி.எஸ்.ஜி கியர்பாக்ஸில் மெக்கட்ரானிக்ஸ் பழுதானால் பில் லட்சக்கணக்கில் வரும். சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத வண்டியை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

டெல்லி, பெங்களூரு வண்டி விலை குறைவாக இருந்தால், தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றும்போது காரின் வயதுக்கேற்ப இங்கே மறுபடி ஆயுள் வரி கட்டணும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆர்.சி-யில் ஹைப்பாதிகேஷன், அதாவது வங்கிக் கடன் பதிவு, நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'கடன் முடிஞ்சிருச்சு பாஸ், பேப்பர் மட்டும் வரணும்' என்பவரிடம், பேப்பர் வந்த பிறகு முன்பணம் தருவதாகச் சொல்லுங்கள்.

வாங்கவே வேண்டாம், ஒருநாள் ஓட்டிப் பார்த்தால் போதும் என்றால் செல்ஃப் டிரைவ் வாடகை இருக்கிறது. நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கணும். வெள்ளை பிளேட் சொந்த காரை இன்ஸ்டாவில் வாடகைக்கு விடுபவரிடம் எடுத்து எங்காவது இடித்தால், இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும். ரிப்பேர் பில் முழுசும் உங்கள் தலையில்தான்.