பொம்மையின் முகம் எங்கே தீர்மானமாகிறது?

வினைல் பொம்மையின் தலை ஓர் உலோக அச்சுக்குள் உருவாகிறது. சிற்பி முதலில் முகத்தை வடிக்கிறார். அதன் மெழுகுப் படி ஒன்றை எடுத்து, மின்முலாம் பூசும் முறையில் அதன்மேல் உலோகத்தைக் கனமாகப் படியவிடுகிறார்கள். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டால், மூக்கின் வளைவையும் உதட்டின் தடிப்பையும் உட்புறத்தில் வாங்கிக்கொண்ட ஒரு கூடு கிடைக்கும். அதுதான் அச்சு. தோசை மாவு பதத்தில் இருக்கும் பிவிசி குழம்பை அதில் ஊற்றி, மூடி, சூட்டில் சுழற்றினால் குழம்பு அச்சின் சுவரெங்கும் ஒட்டி இறுகும். சூடு ஆறுவதற்குள் கழுத்துத் துளை வழியே குறடால் பிடித்து இழுப்பார்கள். முழுத் தலையும் நசுங்கிக்கொண்டு வெளியே வந்து, உடனே தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

தோலின் நிறம் குழம்பில் கலக்கும் நிறமியில் இருக்கிறது. நிறமியை மாற்றினால் அதே அச்சிலிருந்து வெள்ளைப் பொம்மையும் எடுக்கலாம், கறுப்புப் பொம்மையும் எடுக்கலாம். புது அச்சு செய்யத்தான் காசு அதிகம். கறுப்பினக் குழந்தைகளுக்கென்று அமெரிக்கக் கம்பெனிகள் விற்ற பொம்மைகளில் பலவும் இந்தச் சிக்கன வழியில் வந்தவையே. 1967-இல் மேட்டல் நிறுவனம் வெளியிட்ட கறுப்பு ஃபிரான்சி பொம்மை, வெள்ளை ஃபிரான்சியின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. மூக்கும் உதடும் கன்னமும் ஐரோப்பியச் சாயல். தோல் மட்டும் பழுப்பு. அதற்கு முந்தைய காலத்துக் கறுப்புப் பொம்மைகளில் பலவற்றின் நிலை இன்னும் மோசம். பிதுங்கிய கண்ணும் ஊதிய சிவப்பு உதடுமாக ஓர் இனத்தையே கேலி செய்த உருவங்கள் அவை.

ஒரு பொம்மைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதியின் ஆய்வை அறிந்துகொள்ள வேண்டும். 1940-களில் அவர்கள், நிறத்தைத் தவிர வேறு வித்தியாசமே இல்லாத பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்தார்கள். விளையாட எது பிடிக்கும் என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பார்க்க நன்றாக இல்லாதது எது என்றால், பாதிக்கு மேற்பட்டவர்களின் விரல் பழுப்புப் பொம்மையை நோக்கிப் போனது. கடைசியில், உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வுரையும் தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம்பெற்றது.

முகத்தையே புதிதாக வடிக்க வேண்டும் என்று முனைந்தவர்களும் உண்டு. ஃபுளோரிடாவைச் சேர்ந்த சாரா லீ கிரீச் என்ற வெள்ளைப் பெண்மணியின் முயற்சியில், கறுப்பினக் குழந்தைகளின் புகைப்படங்களை வைத்து ஷீலா பர்லிங்கேம் என்ற சிற்பி முகம் வடித்தார். எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் ஆதரவு தந்தார். எந்தப் பழுப்பு சரியான பழுப்பு என்று முடிவு செய்யவே முன்னாள் அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் ஒரு கூட்டம் கூட்டினார். 1951-இல் ஐடியல் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பொம்மை சில ஆண்டுகளிலேயே கடைகளிலிருந்து மறைந்துவிட்டது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது ஷிண்டானா. 1965 வாட்ஸ் கலவரத்தில் 34 உயிர்களைப் பறிகொடுத்த லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், லூ ஸ்மித், ராபர்ட் ஹால் என்ற இருவர் 1968-இல் தொடங்கிய பொம்மைத் தொழிற்சாலை அது. மேட்டல் பணமும் தொழில்நுட்பமும் கொடுத்து உதவியது. ஆனால் பொம்மை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அந்தப் பகுதிக் கறுப்பின மக்களே. முதல் பொம்மையான பேபி நான்சி அந்த ஆண்டு நவம்பர் முடிவதற்குள் நகரத்தில் மிக அதிகமாக விற்ற கறுப்புப் பொம்மையாகிவிட்டது.

பொம்மைக்குத் தலைமுடி நடுவதும் தனி வேலை. தையல் எந்திரம் போன்ற ஒன்றின் ஊசி, செயற்கை இழையைத் தலையில் துளையிட்டுக் கொத்துக் கொத்தாக இறக்கும். உள்ளே பசை பூசி இறுக்குவார்கள். நேரான முடிக்கு அத்தோடு வேலை முடிந்தது. சுருட்டை முடிக்கு இழையைச் சூட்டில் வைத்துச் சுருட்டிப் பதப்படுத்தியாக வேண்டும். ஆனால் எத்தனையோ கறுப்புப் பொம்மைகளின் தலையில் நீண்ட, நேரான கூந்தலை நட்டார்கள்.

மேட்டலின் பார்பி வரிசையில், பார்பி என்ற பெயரிலேயே ஒரு கறுப்புப் பொம்மை வர 1980 ஆயிற்று. கிட்டி பிளாக் பெர்கின்ஸ் என்ற கறுப்பின வடிவமைப்பாளர் அதற்குக் கட்டையான சுருட்டை முடி வைத்தார். 2016-இல் மேட்டல் 7 தோல் நிறங்களும் 4 உடல்வாகுகளும் கொண்ட வரிசையைக் கொண்டுவந்தது. 1983-இல் மூடப்பட்ட ஷிண்டானாவின் பேபி நான்சி, 2020-இல் அமெரிக்காவின் தேசிய விளையாட்டுப் பொருள் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தாள்.

நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருக்கும் பொம்மைகளிலும் பல ரோஜா நிறக் கன்னமும் பொன்னிற முடியும் கொண்டவைதான். அடுத்த முறை உங்கள் மகளுக்கோ பேத்திக்கோ பொம்மை வாங்கும்போது தோலின் நிறத்தோடு நின்றுவிடாதீர்கள். மூக்கைப் பாருங்கள், உதட்டைப் பாருங்கள், முடியைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு முகம் அதில் இல்லையென்றால், வேறு பொம்மை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.